பேச்சுப் பயிற்சியில் மைண்ட்ஃபுல்னஸ்: நாகர்கோவில் மையம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

நாகர்கோவிலில் இயங்கும் தனியார் பேச்சுப் பயிற்சி மையம் ஒன்று, குழந்தைகளின் கவனத்தையும் நிதானத்தையும் வளர்ப்பதற்காக, மைண்ட்ஃபுல்னஸ் என்று சொல்லப்படும் கவனப் பயிற்சியைத் தன் ஸ்பீச் தெரபியோடு சேர்த்து நடத்தி வருகிறது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் பேரனை, ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து அந்த மையத்துக்கு அழைத்துச் சென்று வருகிறேன். அங்கே இந்தப் பயிற்சி இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. வார நாட்களில் நடக்கும் தனி அமர்வுக்குள் பேச்சுப் பயிற்சியோடு கலந்தே அது வருகிறது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. சனிக்கிழமைகளில் அதே பெயரில் ஒரு குழு வகுப்பு நடக்கிறது; அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். முதலாவது, கொடுக்கும் பணத்துக்குத் தகுந்தது; இரண்டாவது தேவையற்றது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதாலும், நம் மாவட்டத்தில் இத்தகைய மையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதாலும் மையத்தின் பெயரையும் தெருவையும் குறிப்பிடவில்லை.

பேரனுக்கு இருந்த சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளைக்குப் பொருந்துவது இன்னொரு பிள்ளைக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. அவனுக்கு ‘ர’ வராது. அந்த இடத்தில் ‘ல’ வரும். மரம் என்ற சொல்லை அவன் வகுப்பில் எழுந்து நின்று வாசித்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் சிரிப்பார்கள், இவன் புத்தகத்தைத் தூக்கி எறிவான். பேச்சுக் குறையைவிட அந்தக் கோபமே பள்ளியிலிருந்து பெரிய புகாராக வந்தது. அதோடு, எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பதில் சொல்லத் தொடங்கிவிடுவான். இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் ஒன்று மட்டுமே நினைவில் நிற்கும். மையத்தில் சேர்ப்பதற்கு முன்பே கேட்புத் திறன் பரிசோதனை செய்து அறிக்கையோடு வரச் சொன்னார்கள். காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்காமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்குவதில் பொருளில்லை என்பதால், சேர்க்கும்போதே அவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஓர் அமர்வு 45 நிமிடம். பயிற்சி அளிப்பவர் முறையாகப் பட்டம் படித்த, தக்கலைப் பக்கத்துப் பெண். பெற்றோரோ தாத்தா பாட்டியோ அறைக்குள் ஒரு மூலையில் அமர்ந்து பார்க்க அனுமதிக்கிறார்; கதவைச் சாத்திக்கொண்டு நடத்தும் இடங்களில் கிடைக்காத வசதி இது. அமர்வு ஒரு பித்தளை மணியோடு தொடங்கும். ஒரே ஒரு முறை தட்டிவிட்டு, “சத்தம் தீந்த பொறவு கையத் தூக்கணும், கேட்டியா மக்களே” என்பார். முதல் வாரங்களில் என் பேரன் மணியைத் தட்டிய உடனேயே கையைத் தூக்கிவிடுவான். பிறகு, தட்டியவர் முகத்தைப் பார்த்துத் தூக்கினான். மணியின் கார்வை தேய்ந்து மறையும் வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டது மழைக்காலம் தொடங்கிய பிறகுதான். வெறும் காத்திருப்பை எதற்கு இவ்வளவு பெரிதாக எழுதுகிறார் என்று நினைக்கலாம். அடுத்த நிமிடமே அந்தப் பயிற்சியாளர் கார் படத்தையும் கால் படத்தையும் மேசையில் வைத்து, தன் வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, இரண்டில் ஒன்றைச் சொல்லுவார். பிள்ளை சரியான படத்தைத் தொட வேண்டும். இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு கடைசி ஒலியில் மட்டுமே இருக்கிறது. முழுச் சொல்லையும் கேட்காமல் கையை நீட்டும் பிள்ளைக்கு அது ஒருபோதும் அகப்படாது. மணியின் முடிவு வரை கேட்கப் பழகிய காது, அதே சூட்டோடு சொல்லின் முடிவு வரை கேட்கப் பழகுகிறது. இந்தத் தொடர்ச்சியைக் கண்ட பிறகுதான், மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரின் மீது எனக்கிருந்த சந்தேகம் குறைந்தது.

இன்னொரு பயிற்சியையும் அருகிலிருந்து பார்த்தேன். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பாடத்திட்டத்திலிருந்துதான் இன்றைய மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புகள் பலவும் கிளைத்தன. அதில் ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, அவசரமில்லாமல் மென்று உண்ணும் பயிற்சி மிகவும் பெயர்பெற்றது. நாகர்கோவிலில் அந்த இடத்தை நேந்திரங்காய் சிப்ஸ் பிடித்திருக்கிறது. ஒரு சிறு துண்டை நாக்கின் நுனியில் வைத்து, கடிக்காமல், மேலே எங்கே படுகிறது என்று சொல்ல வேண்டும். மேல்வரிசைப் பல்லுக்குச் சற்றுப் பின்னால் ஒரு மேடு இருக்கிறதே, அதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கிறான். தின்று முடித்ததும், அதே மேட்டில் நாக்கை வைத்து ‘ல’ என்று நீட்டச் சொல்கிறார். பிறகு, தொட்ட உடனே நாக்கை விலக்கச் சொல்கிறார். “முதல்ல நாக்கு ஒட்டிக்கிட்டே நிக்குது டீச்சர், ரெண்டாவது தொட்டுட்டு ஓடுது” என்று பேரன் ஒரு நாள் சொன்னான். ‘ல’வுக்கும் ‘ர’வுக்கும் உள்ள வேறுபாட்டை ஒலியியல் புத்தகமும் ஏறத்தாழ அப்படித்தான் சொல்லும். நாக்கில் வலுவில்லை என்று சொல்லி ஊதவும், நாக்கைச் சுழற்றவும், கன்னத்தை உப்பவும் பயிற்சி கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. பேச்சொலி இல்லாமல் செய்யும் அத்தகைய வாய்ப்பயிற்சிகளால் உச்சரிப்பு திருந்துகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் கிடையாது. இங்கே சிப்ஸ் நாக்குக்கான உடற்பயிற்சியாகத் தரப்படவில்லை. கவனத்தை உரிய இடத்துக்குக் கொண்டுபோக மட்டுமே தரப்படுகிறது. அடுத்த கணமே ஒலி வந்துவிடுகிறது. (உப்பு குறைந்த சிப்ஸை வாங்கினால் நல்லது என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டார்.)

கோபத்தைக் கையாளும் முறைதான் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. ஒரு சொல் இரண்டு முறை தவறினால் பயிற்சியாளர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பிள்ளை வயிற்றில் உள்ளங்கையை வைத்து, மெதுவாக ஒரே ஒரு மூச்சை வெளியே விட்டு, உடம்பில் இப்போது என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். “காது சூடா இருக்கு”, “கை இறுகி இருக்கு” என்பவைதான் பேரனின் வழக்கமான பதில்கள். மொத்தமே அரை நிமிடம். அதன் பிறகு அதே சொல்லுக்குத் திரும்ப மாட்டார். ‘அரம்’ வரவில்லையென்றால் ‘அர’ என்ற அசைக்கு இறங்கி, அங்கே வெற்றி கண்ட பிறகு மேலே ஏறுவார். பிள்ளையின் கோபம் தணிந்ததில் மூச்சுக்கு எத்தனை பங்கு, பாடத்தின் கடினத்தைக் குறைத்ததற்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவதற்கே அதிகப் பங்கு என்பது நாற்பதாண்டு வகுப்பறை கண்ட என் கணிப்பு. ஆனாலும், கை இறுகுவதைத் தானே கவனித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை அந்தக் கையால் புத்தகத்தை எறிவது குறைகிறது என்பதையும் பார்த்துவிட்டேன்.

பிள்ளைகள் தங்கள் மனநிலையைச் சொல்வதற்கு இங்கே “இன்னைக்குக் கடல் எப்பிடி?” என்று கேட்கிறார்கள். சுவரில் மூன்று படங்கள் இருக்கின்றன: அலையடங்கிய கடல், நடுத்தர அலை, கொந்தளிப்பு. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே வளரும் குழந்தைகளுக்கு இது கைவந்த மொழிதான். ஆனால் 2004-ஆம் ஆண்டின் சுனாமியையும், 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலையும் கண்ட கரை இது. அப்பனையோ மாமனையோ கடலில் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொந்தளிக்கும் கடல் வெறும் மனநிலைப் படமாக இருக்காது. இதை நான் கேட்டபோது பயிற்சியாளர் ஓர் உறையைத் திறந்து மழை, வெயில், மேகமூட்டம் என்று வேறு படங்களைக் காட்டினார். கடலோரத்துப் பிள்ளைகளிடம் வீட்டு நிலவரத்தை விசாரித்த பிறகே படத்தைத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாததும் அதே அக்கறையில் சேரும். மூட விரும்பாத பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை அழுத்தியே எழுத வேண்டும்: மூச்சைக் கவனிப்பதால் ‘ர’ வந்துவிடாது. அது வருவது திரும்பத் திரும்பச் சொல்வதால்தான். அந்தப் பயிற்சியாளரின் விரலில் நாமம் எண்ணுபவர்கள் மாட்டிக்கொள்ளும் சிறிய கவுண்டர் ஒன்று இருக்கும். பிள்ளை ஒலியைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அதை அழுத்துவார். அமர்வு முடியும்போது எண்ணிக்கை நூறுக்குக் கீழே இருந்தால் அவருக்குத் திருப்தி இருக்காது. மணி, சிப்ஸ், மூச்சு எல்லாவற்றையும் சேர்த்தாலும் 45 நிமிடத்தில் ஏழெட்டு நிமிடத்தைத் தாண்டாது. மிச்ச நேரம் முழுவதும் உழைப்பு. மைண்ட்ஃபுல்னஸ் சேர்த்திருக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் எந்த மையத்துக்குப் போனாலும், அந்த நேரத்தை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சுப் பயிற்சியின் நேரத்தைத் தின்று வளரும் கவனப் பயிற்சியால் பிள்ளைக்கு நட்டமே.

மைண்ட்ஃபுல்னஸால் பிள்ளைகளுக்குத் தனிப் பலன் உண்டா என்ற கேள்விக்கு ஆராய்ச்சி தரும் பதிலும் நிதானமானதுதான். பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 13 வயது வரையிலான 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த மிரியாட் என்னும் பெரிய ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. வகுப்பு முழுவதற்கும் பொதுவாகக் கற்பிக்கப்பட்ட மைண்ட்ஃபுல்னஸ் பாடம், உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் பள்ளிகள் வழக்கமாகக் கற்பித்துவரும் கல்வியைவிட மாணவர்களின் மனநலத்துக்குக் கூடுதல் பலன் தரவில்லை என்பதே அதன் சாரம். மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. இது பேச்சுப் பயிற்சியைப் பற்றிய ஆய்வு அன்று. ஆகவே நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிடவும் கூடாது. எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பொதுவாகக் கற்பிப்பதற்கும், ஒரு பிள்ளையின் குறிப்பிட்ட இடறலுக்கு நேரே பயன்படுத்துவதற்கும் வேறுபாடு இருக்கிறது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வேறுபாட்டைச் சனிக்கிழமை வகுப்பில் கண்ணெதிரே பார்க்கலாம். பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் ஒரு பதிவை ஓடவிடுகிறார்கள். வானொலி நாடகத்தில் கேட்பது போன்ற ஏற்ற இறக்கத்தோடு ஒரு குரல், “உங்கள் கவனத்தை மெல்ல உங்கள் பாதங்களுக்குக் கொண்டு செல்லுங்கள்” என்று தொடங்கி, உச்சந்தலை வரை இருபது நிமிடம் போகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடம் மிகமிக அதிகம். மொழி புரிந்துகொள்வதில் ஏற்கெனவே சிரமப்படும் பிள்ளைக்கு அந்த வாக்கியங்களே ஒரு தடை. பாதி நேரம் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி நன்றாகத் தூங்கிவிட்டாள். நடத்துபவர் பேச்சுப் பயிற்சி படித்தவர் அல்லர். குறுகிய காலச் சான்றிதழ் ஒன்றை வைத்திருக்கிறார். எந்தப் பிள்ளைக்கு எந்த ஒலி வராது, எவன் எப்போது கோபப்படுவான் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. மாதம் 1,200 ரூபாய் கட்டணம், அதோடு மணி, வண்ண அட்டைகள், ஒரு குறிப்பேடு அடங்கிய பெட்டிக்கு 900 ரூபாய். அந்த மணியைவிடத் தெளிவாக ஒலிக்கும் மணியை எந்தப் பாத்திரக் கடையிலும் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். பெட்டியை வாங்கவில்லை, வகுப்பையும் நிறுத்திவிட்டோம்.

நம் மாவட்டத்தில் எழக்கூடிய ஒரு கேள்வியை மையம் நன்றாகவே சமாளிக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 47 விழுக்காடு. இஸ்லாமியக் குடும்பங்களும் கணிசம். தியானம் என்ற சொல் காதில் விழுந்ததும் இது எந்த மதத்துச் சடங்கு என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் கேட்பதில் தவறும் இல்லை. மந்திரம், கைமுத்திரை, சிலை, படம், ஊதுபத்தி எதுவும் இங்கே கிடையாது. பௌத்த மரபிலிருந்து எடுத்து மருத்துவத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட முறை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, விருப்பமில்லாதவர்களுக்கு அந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பேச்சுப் பயிற்சியை மட்டும் நடத்துகிறார்கள்.

திக்கிப் பேசும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன மூச்சுப் பயிற்சியைப் பார்த்துவிட்டு, திக்கும் பிள்ளையிடம் “மூச்ச இழுத்து விட்டுட்டு மெதுவா சொல்லு” என்று சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் பேசுவதே தவறு என்ற எண்ணத்தைப் பிள்ளைக்கு அது கொடுத்துவிடும் என்பதால் நிபுணர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அத்தகைய பிள்ளைகளுக்கு இந்த மையத்தில் கவனப் பயிற்சி வேறு விதமாகப் பயன்படுகிறது: திக்கல் வரும்போது உதடும் தொண்டையும் எப்படி இறுகுகின்றன என்று கவனிப்பது, அந்தச் சொல்லைத் தவிர்த்து ஓடாமல் இருப்பது என்று போகிறது. முழுவதையும் நான் பார்த்ததில்லை. காத்திருக்கும் கூடத்தில் ஒரு கல்லூரி மாணவரிடம் பேசியபோது, முன்பெல்லாம் பேருந்தில் இறங்கும் ஊர்ப்பெயர் வாயில் வராது என்பதற்காகவே அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு எடுத்ததாகவும், இப்போது திக்கினாலும் தன் ஊருக்கே கேட்பதாகவும் சொன்னார்.

பள்ளியோடு தொடர்பு வைத்துக்கொள்வதில் மையம் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. வகுப்பாசிரியைக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார்கள்: வாசிக்க எழுப்பும் முன் ஒரு கணம் அவகாசம் கொடுங்கள், தவறும்போது திருத்தாமல் சரியான சொல்லை நீங்கள் ஒரு முறை சொல்லிவிட்டுக் கடந்து செல்லுங்கள், இரண்டு கட்டளைகளைச் சேர்த்துச் சொல்லாதீர்கள். மூன்றும் அருமையான யோசனைகள். ஆசிரியை முதல் இரண்டையும் உடனே ஏற்றுக்கொண்டார். வகுப்பில் சிரிப்பு அடங்கியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதன் பிறகு மையத்திலிருந்து யாரும் அவரைத் தொலைபேசியில்கூட அழைக்கவில்லை. இரண்டு இடத்துச் செய்தியையும் நான்தான் சுமக்கிறேன்.

இப்போதைய நிலை இது. தனிச் சொற்களில் ‘ர’ வந்துவிட்டது. வாசிக்கும்போது பெரும்பாலும் வருகிறது. விளையாட்டு வேகத்தில் பேசும்போது பழைய ‘ல’ எட்டிப் பார்க்கிறது. பிறர் பேசி முடிக்கும் வரை பொறுத்திருக்கிறான், தன் தங்கை பேசும்போது தவிர.

இனி, நடைமுறைத் தகவல்கள். ஓர் அமர்வுக்கு 500 ரூபாய். முன்னறிவிப்பின்றி வராவிட்டாலும் கட்டணம் உண்டு. மையம் முதல் மாடியில், செங்குத்தான படிகளோடு இருக்கிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். சாலைப் பக்கத்து அறையில் பேருந்துகளின் ஹாரன், மணிச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. உள்பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தரும் அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளையை அழைத்து வருபவர்களில் பாதிப் பேர் பாட்டிமார் என்னும்போது இதற்குச் சமாதானம் கிடையாது. பயிற்சியாளர் உள்ளூர்க்காரர் என்பதால், நாம் ‘காற்று’, ‘நேற்று’ என்று அழுத்திச் சொல்லும் முறையைப் பிழையென்று குறிக்காதது மட்டும் அறிக்கையில் எனக்குப் பிடித்த அம்சம்.

கட்டணம் கட்ட முடியாதவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியர்களை முதலில் விசாரிக்கலாம். அரசு மருத்துவமனை சார்ந்த தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையமும் இலவசம். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்தில் உள்ளவர்கள் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கும் தேசியப் பேச்சு, கேட்பு நிறுவனத்துக்குப் போவதும் உண்டு. மலையாளம் புழங்கும் இடம் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். எங்கே சேர்த்தாலும், பயிற்சியாளரின் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. இந்த மையத்தில் வார நாள் பயிற்சியாளரின் எண் வரவேற்பறைச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. பள்ளி விட்ட பிறகு வரும் மாலை நேரங்கள் ஜூனிலேயே நிரம்பிவிடும் என்பதால், மே மாதத்தில் போய்ப் பெயர் கொடுத்துவிடுவது நல்லது. சேரும்போது சனிக்கிழமை வகுப்பையும் சேர்த்து ரசீது போடுவார்கள், வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் அதை நீக்கிவிடுகிறார்கள்.